விளக்கணைத்துத் தேடிய சுரப்பி

செவ்வாய் காலை 7.00 மணிக்கு அந்தமானின் லாங் ஐலண்ட் ஜெட்டியிலிருந்து கப்பல் புறப்பட்டது. என் மனைவி செல்விக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவு தைராய்டு கட்டி. வியாழனன்று போர்ட் பிளேரில் ஆபரேஷன். அவளுக்குப் பயம் கட்டியைப் பற்றியல்ல, கைகளைப் பற்றி. இதே ஆபரேஷனுக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஜமீலாவின் விரல்கள் அடிக்கடி மரத்து மடங்கிக்கொள்கின்றன. செல்வி பள்ளிச் சீருடை தைப்பவள்.

பகல் 1.40க்குக் கரையிறங்கினோம். மின்னி பேயிலுள்ள உறவினர் வீட்டுக்கு ஆட்டோ 120 ரூபாய். வழியில் வந்த காரணத்தைச் சொன்னேன்.

"ஆபரேஷனா அக்கா? டென்ஷன் மத் லோ, கவலையே வேணாம்," என்றார் ஓட்டுநர். "என் மச்சானுக்குக் குடல்ல பண்ணாங்க. இப்ப ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒத்தையா காலி பண்றான்."

"எனக்குக் கழுத்துல தம்பி. சோறு இறங்கினாலே போதும்."

புதன் மாலை 4.00, ஆஸ்பத்திரி. மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த பெண் டாக்டர் விளக்கினார். தைராய்டுக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும், ஒவ்வொன்றும் பருப்பு அளவு. ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவை. பார்க்கக் கொழுப்பு போலிருப்பதால் தவறி வெட்டுப்பட்டுவிடும். விரல் மடங்குவது அதனால்தான். அவர் கொண்டுவந்த கேமரா, விளக்கணைத்த அறையில் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சினால், மருந்து ஏற்றாமலே அவை திரையில் மின்னுமாம்.

"அப்ப நாலும் தப்பிச்சிருமா மேடம்?"

"தேட உதவும்மா. கேரண்டி தர மாட்டேன்."

வியாழன் காலை 9.15க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 12.30க்கு டாக்டர் வெளியே வந்தார். கழுத்தில் இரண்டு சுரப்பிகள் மின்னியிருக்கின்றன, மற்றவை தெரியவில்லை. வெட்டியெடுத்த கட்டி டிரேயில் இருந்தது. தியேட்டர் விளக்குகளை மறுபடி அணைக்கச் சொல்லி, அதன்மேல் கேமராவைக் காட்டினாராம். ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. துணுக்கெடுத்துச் சோதித்து, சுரப்பிதான் என்று உறுதிசெய்தபின், மீதியைப் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதித்துவிட்டார்.

"நான் அதைக் கொழுப்புன்னுதான் நினைச்சேன்," என்றார் மறைக்காமல். "நாலாவது கிடைக்கலை. பதிச்சது வேலைசெய்யச் சில வாரம் ஆகும்."

வெள்ளி காலை 6.00. "ஏங்க, விரல் நுனியெல்லாம் சுருக்சுருக்குங்குது." செல்வியின் முகம் வெளுத்திருந்தது. கால்சியம் ஏற்றினார்கள். எட்டு மணிக்கு அடங்கியது. அதன்பின் வரவில்லை. ஞாயிறன்று மாத்திரைச் சீட்டோடு அனுப்பினார்கள்.

திங்கள் காலை கப்பல் நகர்ந்தபோது செல்வி கம்பியோரம் நின்றாள். வலக்கையை உயர்த்தி விரல்களை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். யாரையோ வழியனுப்ப வந்திருந்த ஒரு வங்காளிக் குடும்பம் ஜெட்டியிலிருந்து பதிலுக்குக் கையசைத்தது.

"நமக்கா காட்டுறாங்க?"

"நீதானே முதல்ல காட்டினே."

சிரித்துவிட்டு, இடக்கையையும் உயர்த்தினாள்.