நாலாம் மாடி டீச்சர்

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு கையால் பேண்ட்டின் அடிமடிப்பைப் பிடித்தபடி, மறுகையால் பக்கத்தைப் புரட்டுகிறாள் ஜிப்பக்கா. புத்தகம் தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மூடிக்கொள்ளாமல் இருக்கப் பெரிய கத்தரிக்கோலைக் குறுக்கே செருகியிருக்கிறாள். துணி வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் பக்கம் போய்விடும். சலித்துக்கொண்டே மறுபடி தேடுவாள்.

எங்கள் குடியிருப்பை ஒட்டிய கடைத்தொகுதியின் அடித்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே, ஒரு கட்டில் போடுமளவுதான் அவள் கடை. புதுத்துணி தைப்பதில்லை. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர் வந்ததும் இப்படித்தான். "உடம்பு கூடினதை யாரும் டாக்டர்கிட்ட முதல்ல சொல்றதில்ல. என்கிட்டதான் வந்து சொல்றாங்க" என்பாள். குண்டூசிகளுக்கு நடுவே வரும் அந்தப் பேச்சு பழகியவர்களுக்கே பாதிதான் புரியும்.

அவள் உயிரை வாங்குவது ஒரு தொடர்நாவல். நகரத்தில் ஒரு கட்டடம், அதில் எட்டு வீடுகள், ஒரு வீட்டுக் கவலை இன்னொரு வீட்டுக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். பாத்திரங்களின் பெயர் அவள் நாக்கில் நிற்காது. மாடிக் கணக்குதான். "ரெண்டாம் மாடிப் பையன் அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் வாயைத் திறக்கல. மண்ணாந்தை" என்று ஒரு வாரம் புலம்பினாள். ஒருமுறை, "நாலாம் மாடி டீச்சர் காய்ச்சல்ல கிடக்கா, எட்டிப்பாக்க ஒரு நாதியில்ல" என்று படிக்கட்டில் நின்று கண் கலங்கிச் சொன்னதைக் கேட்டு, என் கணவர் பழம் வாங்கிக்கொண்டு எங்கள் கட்டடத்து நாலாம் மாடிக்கே போய்விட்டார். கதவைத் திறந்தவர் கராத்தே மாஸ்டர். ஒன்றும் கேட்காமல் பழத்தை வாங்கிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. நான் அந்த ரகம். "அது அடுத்தவங்க வீட்டுக்குள்ள ஜன்னல் வழியா எட்டிப்பாக்கற மாதிரி. வாசல் வழியா போகணும்மா" என்று எனக்குப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறாள்.

ஐந்தாம் பாகத்தின் முடிவில் அந்த டீச்சருக்குக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். அதைப் படித்த அன்று ஜிப்பக்காவும் குளிக்கப் போனாள். கை அதுவாகவே தேடியிருக்கிறது. தேடியது கிடைத்தும்விட்டது.

"டீச்சருக்குத் தட்டுப்படலேன்னா நான் எதுக்குத் தேடிப் பாக்கப்போறேன்?" என்றாள் என்னிடம். நன்றியா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. வெளியூரில் இருக்கும் மகனுக்குச் சொல்லவில்லை. "என்னன்னு தெரியட்டும். இப்பவே எதுக்கு அவன் வயித்துல புளியைக் கரைக்கணும்." டீச்சர் மாதிரி சும்மா இருக்கக்கூடாது என்று நான்தான் மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். ஊசியால் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரமாகும் என்றார்கள்.

அந்த வாரத்தில்தானா ஆறாம் பாகம் வரவேண்டும்? டீச்சரின் கட்டிக்கு என்ன முடிவு என்பதும் அதில்தான். ஒரே மூச்சில் முடிப்பவள் இரண்டு பக்கம் படிப்பாள், மூடிவைப்பாள். "அவளுக்கு நல்லபடியா வந்துட்டா எனக்கும் வந்துடும்னு மனசு சொல்லுது. வேற மாதிரி வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. மறுநாள் ஒரு பேண்ட்டின் இரண்டு கால்களையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டி வைத்திருந்தாள். அவள் கையால் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

முடிவு வாங்கப் போன அன்று மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கழுத்தில் இரண்டு குண்டூசிகள், எடுக்க மறந்தவை. மடியில் புத்தகம். மூடும்போது அடையாளத்துக்கு அவள் வைக்கும் துணித் துண்டு பாதியைக்கூடத் தாண்டவில்லை. சட்டென்று அதை என் மடியில் வைத்தாள்.

"நீ கடைசியப் பாக்கறவதானே. பாரு."

"பாத்துட்டு உங்களுக்குச் சொல்லணுமாக்கா?"

"வேணாம். நீ படிச்சாப் போதும்."

புரட்டினேன். டீச்சர் மருத்துவரின் எதிரே உட்கார்ந்திருக்கும் பக்கம் கிடைத்தது. கண் வரிகளின் மேல் ஓடியது. மனசுக்குள் ஒரு எழுத்தும் இறங்கவில்லை. நிமிராமலே தெரிந்தது, அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இன்னும் குனிந்துகொண்டேன்.

நர்ஸ் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள்.

ஜிப்பக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கதவுப் பக்கம் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா. இவ படிச்சிட்டிருக்கா."