கண்ணாடிக்குப் பின்னால் என் வலது கை

பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் வலது கையை யாராவது ஒளிந்திருந்து ஆட்டுகிறார்களா என்று இன்று கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வெட்கம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பிசியோதெரபிப் பெண் இரண்டு கைக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல இடது கையை மடக்கி விரிக்கச் சொன்னாள். கண்ணாடியில் பார்த்தால் வலது கை அசைவதுபோலவே இருந்தது.

"வலது கைதான் அசையுதுன்னு மூளை நம்பிரும் அண்ணாச்சி. பொறவு நெசமாவே அசையும்."

"மூளையையே ஏமாத்துதியளா?"

"ஒங்க மூளைய ஏமாத்தக் கண்ணாடி வேற வேணுமாக்கும்!" என்றாள் மனைவி.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் அவளே கத்தினாள்: "ஏங்க, வெரலு ஆடுது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வலது சுண்டுவிரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் அழுதே விட்டாள். எனக்கு மட்டும் சந்தேகம்.

எங்கள் சீட் பின்சக்கரத்துக்கு நேர் மேலே. அவள் மடியிலிருந்த டிபன் டப்பாவும் ஆடிக்கொண்டுதான் வந்தது.