வெள்ளிக்கிழமை வாசிப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவது, பிரசவத்தில் போய்விட்ட என் நாத்தனாருடையது. இப்போது பாரிசுக்கு வெளியே, மூத்தவன் வீட்டில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் சுபுஹுத் தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் ஜன்னலில் இருட்டு நிற்கிறது. பாங்கு சொல்ல வெளியே யாரும் இல்லை. கைபேசிதான் சொல்கிறது, அதையும் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காதபடி மருமகள் குறைத்து வைத்திருக்கிறாள். இந்நேரம் காரைக்காலில் மீன் ஆய்ந்து உலை வைத்திருப்பார்கள்.

அந்த இருட்டில் விளக்கைப் போட்டு நோட்டைத் திறப்பேன். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளை ஓத மட்டுமே அனுப்பினார்கள். ஓதிக்கொடுத்த அம்மா, குர்ஆனோடு, அரபு எழுத்தில் தமிழ் எழுதவும் கற்றுத் தந்தார். எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். இந்தக் கட்டுரையும் ஊரில் இருக்கும் மகள் போனில் கேட்டுக் கேட்டுத் தமிழெழுத்தில் எழுதியது. நேற்று யாரை வாயால் நோகடித்தோம், எதற்கு நன்றி சொல்ல மறந்தோம் என்று தினம் நாலு வரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த வாரத்தைத் திருப்பி வாசித்து அல்லாஹ்விடம் துஆக் கேட்க வேண்டும். அதுதான் அந்த அம்மா வைத்த பழக்கம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"இன்னைக்கு என் மேல எத்தனை பிராது?"

"உங்க மேல எழுத நோட்டு பத்தாதுங்க."

சிரித்துக்கொண்டே போய் அடுத்த நோட்டை வாங்கி வருவார். இப்போது அவர் காரைக்காலில், பள்ளிவாசலுக்குப் பின்னால் மையத்தாங்கொல்லை மண்ணுக்குள் அடங்கியிருக்கிறார்.

போன மாதம் மகன் முகம் மலர வந்தான். "உம்மா, இங்க நம்ம மையத்தை அடக்கத் தனியா இடம் குடுக்குறாங்க. உங்களுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துல சொல்லி வச்சுட்டேன். நெனச்சப்ப உங்களை வந்து பாத்துக்கலாம்ல." அவன் கண் கலங்கியிருந்தது. "சரி வாப்பா" என்றேன். நான் மவுத்தானால் எந்தப் பிள்ளையும் என்னைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு அலைய வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான். சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது? மறுநாள் நோட்டில் எழுதினேன்: யா அல்லாஹ், என்னை ஊருக்குக் கொண்டுபோய் அவர் கிடக்கும் மண்ணில் வைக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றிலிருந்து தினமும் அதையே எழுதுகிறேன்.

இதற்குள் கண்ணில் புகை படிந்துவிட்டது. பழக்கத்தில் கை எழுதிவிடுகிறது, வாசிக்கத்தான் முடியவில்லை. வெள்ளிக்கிழமைகள் வெறுமனே போயின. வாசிக்காத வாரத்துக்கு எதைச் சொல்லி துஆக் கேட்பது?

எதிர்வீட்டு மொரோக்கோக்காரி அவ்வப்போது ரொட்டி கொண்டுவருவாள். ஒருநாள் நோட்டைப் பார்த்ததும் ஆசையாக மடியில் வைத்துக் கணீரென்று வாசிக்கத் தொடங்கினாள். தமிழ் ஒலிகளுக்காக நாங்கள் கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகளில் தடுக்கித் தடுக்கி, "நேத்து... மருமவ... மேல... கோவம்..." என்று போனவள், ஒன்றும் விளங்காமல் நிறுத்தி பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

பக்கத்தில் இருந்த பேத்தி சுமையா சொன்னாள்: "இது எந்த நாட்டு அரபின்னு கேக்குறாங்க நன்னிமா."

"காரைக்கால் அரபின்னு சொல்லு."

மொரோக்கோக்காரி மரியாதையாகத் தலையாட்டினாள். அப்படியும் ஒரு நாடு இருப்பதாக நம்பித்தான் போயிருப்பாள். சுமையா மட்டும் நகரவில்லை.

"அவங்க வாசிச்சது எனக்குப் புரிஞ்சுச்சே! உம்மா மேல என்ன கோவம்?"

பத்து வயதுப் பிள்ளை. வீட்டில் தமிழ் பேசுவாள். ஒரு தமிழெழுத்தும் தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதுவாள். மகனிடமும் மருமகளிடமும் நீட்ட முடியாத என் நோட்டை இந்த வீட்டில் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் பள்ளி விடுமுறை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மகன் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். சுமையாவைக் கூப்பிட்டு, அந்த மாதத்து நோட்டைக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடப் பழக்கத்தில் தாளின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். பிறகு தானே வெட்கப்பட்டு வலது ஓரத்துக்கு மாற்றினாள்.

"மெதுவாவா நன்னிமா? வாப்பா அங்க இருக்காரு."

"இருக்கட்டும். எனக்குக் காதும் மந்தமாயிட்டு. நல்லாச் சத்தமா வாசி, கண்ணு."