"ரோடு மட்டும்தானே சார்?"

கால்டாக்சிகளில் சாலையைப் படம்பிடிக்கும் டாஷ்கேம் பதிவுகளை மட்டுமே வைத்து ஓர் ஆவணப்படம் செய்திருக்கிறேன். அதற்கு மெமரி கார்டு கொடுத்த டிரைவர் ஒருவரின் வண்டியில்தான் இன்று மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் வந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தண்ணி லாரிக்குப் பின்னால் மாட்டி நின்றபோது சொன்னார்: "ஞாயித்துக்கெழம படம் போட்றீங்கல்ல சார்? வூட்டுக்காரம்மாவையும் இட்டுகினு வரேன்."

சிரித்து வைத்தேன்.

அவர் கொடுத்த கார்டில் சாலையோடு அவர் குரலும் இருக்கிறது. வண்டியில் தனியாக, நண்பனிடம் போனில் அழுகிறார். ஆஸ்பத்திரி சமாச்சாரம், மனைவிக்குத் தெரியாது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். என் படத்திலேயே ஆகச் சிறந்த காட்சி அதுதான்.

"ரோடு மட்டும்தானே சார் தெரியும்?"

"ஆமாண்ணா."

கண்ணாடியில் என்னையே பார்த்தார். "பேசுறது கேக்காதுல்ல?"

லாரி நகரவே இல்லை.

"கேக்காதுண்ணா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் காட்சியை வெட்டிவிட்டேன். படம் இப்போது சுமார்தான்.

ஆனால் தாம்பரத்தில் இறங்கும்போதே கவனித்திருந்தேன், அவர் டாஷ்கேமில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பொய் இப்போது அவர் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

டாஷ்கேமை வைத்து அடுத்து யார் படம் எடுக்கப்போகிறீர்கள்? வில்லன் ரெடி.