மூன்றாவது ஓலையை எடுத்துவிட்ட கம்ப்யூட்டர்

ஹோட்டலுக்கு எழுதிய ப்ரோகிராமைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பாஸ் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சிங்கப்பூரில், சிலிகி ரோட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்த்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். அதனாலேயே யாருக்கும் டீ வாங்கப் போவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

இன்றைய பிள்ளைகள் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று சொல்வதை அப்போது நாங்கள் ‘நோட்டீஸ் பேக்கேஜ்’ என்று விற்றோம். அறிவிப்புகளைத் தனித்தனியாக டைப் செய்து ஹார்ட் டிஸ்கில் போட்டுவைத்தால் போதும். ஒரு கீயைத் தட்டினால் அது எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பக்கமாக்கித் தந்துவிடும். லாபி நோட்டீஸ், மெனு என்று ஒரு ஹோட்டலுக்காக எழுதிய ப்ரோகிராம் அது.

ஒருநாள் பாஸ் கூப்பிட்டார். “சர்ச் ஒண்ணுக்கு வித்தாச்சு லா. பாரிஷ் புல்லட்டின் போடணுமாம். ஹோட்டல்ல எப்படியோ அப்படியே இன்ஸ்டால் பண்ணு. ஒண்ணும் மாத்தாத.”

இன்ஸ்டாலேஷன்

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்தக் கத்தோலிக்கக் கோயில். ஆபீசைப் பார்த்துக்கொண்டவர் ஜோசஃபின் அக்கா. புல்லட்டின் என்கிற அறிவிப்புத் தாளை வாரா வாரம் டைப் அடித்து, டூப்ளிகேட்டரில் சுற்றி நகலெடுத்து, மடித்து வைப்பவர் அவர்தான். பங்குச் சாமியார் என்னைப் பார்த்ததும், “நீ எந்த பாரிஷ்மா?” என்று கேட்டார்.

“தோ பாயோ அம்மன் கோயில் பாரிஷ், ஃபாதர்.”

அவர் சிரித்ததில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மேசையில் மெஷினை வைத்து, டாஸ் ஏற்றி, ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தேன். பிரிண்டரில் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளை உள்ளே விட்டால் அதன் ஊசிகளே எழுத்தைக் குத்திவிடும். அதைப் பார்த்து ஜோசஃபின் அக்கா அசந்துபோனார்.

“வெள்ளிக்கிழமை பூரா டைப் அடிச்சிக்கிட்டிருப்பேன். இனிமே நான் என்ன செய்றது?”

“காப்பி குடிங்கக்கா.”

எனக்கு மிகவும் பெருமையாக இருந்த விஷயத்தைக் கடைசியில் சொன்னேன். போட்ட அறிவிப்பு பதினான்கு நாளில் தானாகவே கழன்றுவிடும். முடிந்துபோன ஆஃபர் ஹோட்டல் நோட்டீசில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

“அப்பாடா. போன வருஷம் பாசிர் ரிஸ் பிக்னிக் முடிஞ்சும் அந்த நோட்டீஸ் மாசக்கணக்கா கிடந்துச்சு. ஃபாதர்கிட்ட ஏச்சு வாங்கினேன்” என்றார் அக்கா.

டெமோவுக்காக அந்த வாரத்து அறிவிப்புகளை நானே டைப் செய்தேன். பூ அலங்காரக் குழு, ஞாயிறு வகுப்பு, ஒரு கல்யாண அறிவிப்பு. கீயைத் தட்டியதும் பிரிண்டர் கரகரவென்று ஓடியது. ஃபாதர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு

மூன்றாவது வாரப் புல்லட்டினை ஜோசஃபின் அக்கா யாருடைய உதவியும் இல்லாமல் போட்டார். பூசைக்கு வந்து பார் என்று என்னையும் கூப்பிட்டார். பொட்டு வைத்துக்கொண்டே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

புல்லட்டின் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்ப் பூசையின் முடிவில் ஃபாதர் அதைப் பார்த்துத் தமிழில் சொல்வார். அன்றும் கல்யாண ஓலை என்று ஆரம்பித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்றார். ஒரு ஜோடிக்கு முதல் ஓலை, இன்னொரு ஜோடிக்கு இரண்டாம் ஓலை. பிறகு பூ அலங்காரக் குழுவின் கூட்டம் பற்றிய அறிவிப்புக்குப் போய்விட்டார்.

கோயிலில் ஒரு சலசலப்பு. எல்லாத் தலையும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கம் திரும்பியது. அவள் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

“என்னங்க ஆச்சு?” என்று என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அது ரெஜினா. பக்கத்துல அவ அப்பா அருளப்பன். வர்ற சனிக்கிழமை கல்யாணம். இன்னிக்கு மூணாவது ஓலை, ஃபாதர் வாசிக்கலையே.”

“வாசிக்கலன்னா?”

“மூணு ஞாயிறு வாசிக்கணும்மா. நடுவுல நிறுத்திட்டா யாரோ தடை சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்.”

எங்களுக்கு முன்னால் இருந்தவர் மெதுவாகத் திரும்பி, “மாப்பிள்ளைக்கு ஜொகூர்ல ஏதும் குடும்பம் இருக்கோ என்னமோ” என்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தப் பையனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் பெண்டாட்டி பிள்ளையெல்லாம் வந்துவிட்டார்கள்.

ரெஜினா. அந்தப் பெயரை நான் டைப் செய்திருக்கிறேன். டெமோ அன்று போட்ட கல்யாண அறிவிப்பு அதுதான். அன்றிலிருந்து எண்ணினால், அக்கா இந்தப் புல்லட்டினைப் போட்ட வெள்ளிக்கிழமையோடு பதினான்கு நாள்.

பூசை முடிந்ததும் ஆபீசில் போய் ஃபாதரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்தக் கூட்டம் வாசலைத் தாண்டினால் சாயங்காலத்துக்குள் ஜொகூர் குடும்பம் சிராங்கூன் ரோடு முழுக்கப் போய்விடும். அந்தப் பெண்ணின் தோள் குலுங்குவது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

“ஃபாதர், ஒரு நிமிஷம்.”

மொத்தக் கோயிலும் திரும்பியது.

“ரெஜினாவோட ஓலையை கம்ப்யூட்டர் எடுத்துடுச்சு ஃபாதர். ரெண்டு வாரத்துல தானா எடுத்துடும். நான்தான் அப்படி செட் பண்ணினேன். வேற ஒண்ணும் இல்ல.”

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டார்.

“எங்கிட்ட யாரும் எந்தத் தடையும் சொல்லல. தாள்ல இல்லாததைக் கவனிக்காம விட்டது என் தப்பு. இப்ப தாள் இல்லாமலே வாசிக்கிறேன்” என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்று, “மாப்பிள்ளையோட அப்பா பேரு?” என்றார்.

பாதிக் கோயில் சேர்ந்து பதில் சொன்னது. ஜொகூர்க் கதையை ஆரம்பித்தவரும் சொன்னார்.

ஃபாதர் மூன்றாவது ஓலையை நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்தார். ரெஜினா தலையை நிமிர்த்தினாள். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

பூசைக்குப் பிறகு

“மூணு வாரம்னு உனக்குத் தெரியாதா?” என்று ஜோசஃபின் அக்கா ஆபீசில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க கோயில்ல ஓலையே கிடையாதேக்கா. பதினாலு நாள்னு நான் சொன்னப்போ உங்களுக்குத் தோணலையா?”

“எனக்கு பிக்னிக்தான் ஞாபகம் வந்துச்சு.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருந்த அறிவிப்புகளை அக்கா ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்திருந்தார். எது காணாமல் போனது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ப்ரோகிராமை மாற்றினேன். ஒவ்வொரு அறிவிப்பும் எதுவரை இருக்க வேண்டும் என்று அக்காவே போடலாம். எதை எடுப்பதாக இருந்தாலும் மெஷின் முதலில் ஸ்கிரீனில் காட்டி, எடுக்கலாமா என்று கேட்கும். “ஒண்ணும் மாத்தாதன்னு சொன்னேன்ல?” என்று பாஸ் குதித்தார். கொஞ்ச நாளில் அதையே புது வசதி என்று சொல்லி அந்த ஹோட்டலுக்கும் விற்றுவிட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டத்தில் என்னென்ன போட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், எதை எப்போது எடுக்கலாம், எடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் மெஷின் ஒரு மனிதரைக் கேட்டுவிட்டு எடுக்கும்படி வையுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் ஆபீசை விட்டுக் கிளம்பும்போது அருளப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“சனிக்கிழமை நீ கண்டிப்பா வரணும்மா. நீ வரலன்னா கம்ப்யூட்டர் வேற எதையாவது எடுத்துடுச்சோன்னு எனக்கு பயமா இருக்கும்.”

போனேன். பந்தியில் அவர் என்னை யாருக்கும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தவில்லை. என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைக்கச் சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார்: “எம் பொண்ணுக்கு முதல் ரெண்டு ஓலையை ஃபாதர் வாசிச்சாரு. மூணாவது, இந்தப் பொண்ணு எந்திரிச்சதால வந்தது.”