கார்பன் பொருத்தம்

ஆம், நான் ஏமாற்றினேன். என் மனைவியை, அதுவும் அவள் மனைவியாவதற்கு முன்பே! அவசரப்படாதீர்கள்... பெண் விவகாரம் அல்ல, பென்சில் விவகாரம்.

பென்சில் முனையிலுள்ள கார்பன், தாள்மேல் தாளாக அடுக்கியது போன்றது. அந்த அடுக்குகள் இம்மியளவு முன்னும் பின்னும் நழுவி அதிர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு வேகத்தில்? பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நளினி லேசர் ஒளியைப் பாய்ச்சி அதை அளந்தாள்; அடுத்த அறையில் நான் கணினியில் கணக்கிட்டேன். எடுத்துக்கொண்ட துண்டில் இரண்டே இரண்டு அடுக்குகள்தான். ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக் கூடாது, இருவரும் ஒரே நாளில் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எனக்கு வந்தது முப்பத்தொன்று. காபி கொடுக்கப் போனவன் அவள் திரையைப் பார்த்துத் தொலைத்தேன்... முப்பத்து நான்கு!

என் எண்ணோடு நான் நின்றிருக்க வேண்டாமா? ஆனால் அவள் முன்னால் அசடு வழிய மனம் வரவில்லை. இந்த ஊரில் மூவர் இருக்கையில் நான்காவதாக உட்கார வருபவர் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என்பார். நானும் கார்பன் அடுக்குகளிடம் அதையேதான் சொன்னேன். கணக்கில் அவற்றின் இடைவெளியைத் துளி நெருக்கினேன். நெருங்கினால் பிடிப்பு கூடும், அதிர்வு விரையும். முப்பத்து நான்கு வந்து நின்றது, சமர்த்தாக!

காட்டிய அன்று நளினி துள்ளிக் குதித்தாள். இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டில் அவள் அம்மா என் ஜாதகத்தைக் கேட்டபோது, “பொருத்தமெல்லாம் லேப்லயே பார்த்தாச்சும்மா, ஒரு பாயிண்டு கூட வித்தியாசமில்ல!” என்றாளாம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் முன் நின்றிருந்தேன். நளினி சிரித்துக்கொண்டே வந்தாள். புதுக் கருவியில் அதே பழைய துண்டை மறுபடி அளந்திருக்கிறாள்.

“முப்பத்தொண்ணுப்பா! அன்னிக்கு நான் மெஷினைச் செக் பண்ணாமலே அளந்துட்டேன். தப்பு என்னோடதுதான். கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பிடலாம்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அப்படியானால் நான் முதலில் போட்ட கணக்கே சரி... சரியான விடையை என் கையாலேயே அழித்திருக்கிறேன். அதைப் பீற்றிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை!

பிறகு அவள் நெற்றி சுருங்கியது. “அது சரி... என் தப்பான நம்பருக்கு உன் கணக்கு எப்பிடிப் பொருந்திச்சு?”

“இரு, தோசை தீயுது” என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். அதை நான் இன்னும் பற்றவே வைத்திருக்கவில்லை. என்னையும் ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

உங்களிடம் சொல்ல முடிந்த எனக்கு அவளிடம் ஏன் முடியவில்லை?

நேற்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பஜ்ஜி போட்டோம், நிறையச் சிரித்தோம். எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஒருவர் கேட்டார்.

“சும்மா... பெரியவங்க பார்த்து வச்சதுதான்” என்றாள் நளினி.