பூங்குழலி அசையாமல் உட்கார்ந்த நாள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் மெஷின் ஓட்டும் சுந்தரிக்கு ஒன்று அத்துப்படி. வெளிநாட்டுக்காரன் சரக்குப் பார்க்க வரும் நாளில் கம்பெனியில் குறையென்று எதுவும் கண்ணில் படக் கூடாது. தரை பளபளக்கும், வேலையாட்கள் வாயே திறக்கக் கூடாது. அவன் காரேறியதும் பழைய கூத்து ஆரம்பித்துவிடும்.

அவள் மகள் பூங்குழலிக்கு எட்டு வயசு. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள், எழுத ஆரம்பித்த வரியை முடிக்க மாட்டாள். 2003 ஏப்ரலில் தலைமையாசிரியை ரோஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: "வேலூர்ல டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டாங்க. அதைப் பாத்துட்டுதான் அடுத்த வருஷம் இங்க வெச்சுக்கறதா இல்லையான்னு சொல்வேன்."

டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டியதுதானே! பாவி மகள் சுந்தரி வேறென்ன நினைப்பாள்? பத்து நாள் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்கினாள். "காலாட்டாம இருந்தா பிரியாணி."

வேலூர் ஆஸ்பத்திரியில் மனநல டெஸ்ட் எடுக்கும் ஃபீபி, கதவைச் சாத்திக்கொண்டு கட்டைகளும் படங்களும் எண்களுமாக ஒரு மணி நேரம் சோதித்தார். பூங்குழலி அசையவில்லை. வெளியே சுந்தரி கையில், பெண்ணைப் பற்றி நாற்பது கேள்விகள் கொண்ட தாள். காரணமில்லாமல் ஓடுகிறாளா? சொன்னதை மறக்கிறாளா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

"புத்தி ஜாஸ்திங்க," என்றார் ஃபீபி. "ஆனா அமைதியான ரூம்ல, புது ஆள் முன்னாடி நெறைய பசங்க உக்காந்துடுவாங்க. இந்த டெஸ்ட்ட மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. வீட்லயும் ஸ்கூல்லயும் எப்படின்றதுதான் முக்கியம். நீங்க எழுதினதெல்லாம் நெஜந்தானா?"

"நெஜந்தாங்க மேடம். தங்கமான பொண்ணு."

ரிப்போர்ட்டைப் படித்த ரோஸ் கண்ணாடியைக் கழற்றினார். "புத்தி இருக்கு, வியாதியும் இல்ல. அப்போ வேணும்னேதான் பண்றா. வியாதின்னு இருந்தா வெச்சுப் பாத்திருப்பேன். டி.சி. வாங்கிக்குங்க."

சுந்தரி மேஜையருகே நகர்ந்தாள். "டீச்சர், நான் பொய் எழுதிட்டேன். வீட்லயும் இப்படித்தான் டீச்சர்."

"இப்போ இன்னா சொன்னாலும் யார் நம்புவாங்க? கையெழுத்து உங்களுதுதானே?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுபடி டெஸ்டுக்குத் தேதி ஜூலையில்தானாம். பள்ளிக்கூடம் ஜூனிலேயே திறந்துவிடும். யாரைக் குறை சொல்வது? அழக்கூடத் தெம்பில்லை.

பூங்குழலி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, நான் ஆடவே இல்லல்ல? பாஸாயிட்டேன்ல?"

"பாஸாயிட்டடி," என்றாள் சுந்தரி.